டேலியாக் கிழங்கை ஏப்ரல் வரை உயிரோடு வைத்திருக்க

அக்டோபர் பாதி கடந்துவிட்டால், கனடாவில் டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் டேலியாப் பூச்செடி வளர்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான். கிழங்கை எதில் போட்டு வைக்கிறீர்கள்? பீட் மாஸ் என்கிற மக்கிய பாசியா, வெர்மிகுலைட் என்கிற கனிமப் பொரியா, மரச்சீவலா, பழைய செய்தித்தாளா, இல்லை சமையலறையில் மிச்சச் சாப்பாட்டை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் சுருளா? ஒவ்வொருவரும் தன் முறைதான் சரி என்று அடித்துச் சொல்வார்கள். எனக்கென்னவோ அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது என்றுதான் படுகிறது. பிப்ரவரி மாதம் உங்கள் வீட்டில் கிழங்கு வைக்கப்போகும் அந்த மூலையில் எத்தனை டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கும்? அது தெரிந்தால் எதில் போடுவது என்பது தானாக முடிவாகிவிடும். அது தெரியாமல் மூட்டை மூட்டையாக வெர்மிகுலைட் வாங்கிப் பிரயோசனமில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் டேலியா பற்றிக் கிடைக்கிற அறிவுரையில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்தும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கனடாவின் வான்கூவர் மாதிரியான மேற்குக் கடற்கரைப் பகுதிகளிலிருந்தும் வருகிறது. அங்கெல்லாம் குளிர்காலம் மழையும் ஈரமுமாக இருக்கும், மண் ஆழமாக உறைவதில்லை. தெற்கு இங்கிலாந்தில் பலர் கிழங்கைத் தோண்டுவதே இல்லை, மேலே சருகையும் வைக்கோலையும் கனமாகப் போட்டு மூடி அப்படியே விட்டுவிடுகிறார்கள். தெற்கு ஒன்டாரியோவில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தை ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவது, உறைபனி அந்த ஆழம்வரை இறங்கக்கூடும் என்பதால்தான். டேலியாக் கிழங்கு கிடப்பதோ 10, 15 சென்டிமீட்டர் ஆழத்தில். ஒருமுறை உறைந்து உருகினால் போதும், உள்ளே இருக்கும் செல்லெல்லாம் கிழிந்து, தொட்டால் விரல் உள்ளே போகிற கூழாகிவிடும். ஆகவே தோண்டத்தான் வேண்டும். தோண்டிய பிறகு அது கிடக்கப்போவது மண்ணுக்குள் இல்லை, நம் வீட்டுக் காற்றுக்குள்.

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும், அதுவும் அங்கிருக்கும் மலைப்பகுதிகள். கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி, இதுதான் அங்கே பருவம். செடி மழையில் வளர்ந்து, பூத்து, வறட்சி வரும்போது மேலே காய்ந்து, கிழங்கில் இருக்கும் தண்ணீரையும் உணவையும் வைத்துக்கொண்டு அடுத்த மழைவரை தூங்கும். இந்தத் தூக்கம் வறட்சிக்காக உண்டானது, உறைபனிக்காக இல்லை. ஆனாலும் அது மண்ணுக்குள் தூங்கும் தூக்கம், சுற்றி மண் இருப்பதால் தோல் வழியாக ஈரம் அவ்வளவு சீக்கிரம் ஓடிவிடாது. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் சேமிப்பின் எல்லா விதிகளும் புரிந்துவிடும். உறையக் கூடாது, முளைக்கிற அளவுக்குச் சூடும் கூடாது, காயக் கூடாது, நனைந்தும் இருக்கக் கூடாது.

எங்கள் ஊர் ஈரோட்டுப் பக்கம். விதை மஞ்சளை அங்கே நிழலான இடத்தில் குவித்து, மேலே மஞ்சள் இலையைப் போட்டு மூடி, நடவு வரும்வரை வைத்திருப்பார்கள். காய்ந்தும் போகக் கூடாது, புழுங்கியும் போகக் கூடாது என்பதுதான் அங்கேயும் கவலை. டேலியாவுக்கும் அதே கவலைதான், என்ன, இங்கே குளிர் என்ற ஒன்று கூடச் சேர்ந்துகொள்கிறது, வைத்திருக்க வேண்டிய காலமும் ஆறு மாதம் நீள்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, வசந்தத்தில் விதை போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விதை போடலாம், பூவும் வரும், ஆனால் நீங்கள் விரும்பிய பூ வராது. தோட்டத்து டேலியாவுக்கு 64 குரோமோசோம். நமக்கிருப்பதுபோல ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் இல்லை, எட்டுப் பிரதிகள். அதனால் ஒவ்வொரு விதையும் புதுச் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட கணக்கு. ஒரு ரகம் அதே ரகமாகத் தொடர வேண்டுமென்றால் கிழங்கு வேண்டும், அல்லது அந்தக் கிழங்கின் முளையிலிருந்து வெட்டி வேர்விடச் செய்த தண்டு வேண்டும். பிஷப் ஆஃப் லாண்டாஃப் என்றொரு ரகம் இருக்கிறது, கருஞ்சிவப்பு இலையும் கனல் சிவப்புப் பூவுமாக. வேல்ஸின் கார்டிஃபில் 1920களில் உண்டாக்கியது. ஜெர்சீஸ் பியூட்டி என்ற இளஞ்சிவப்பு ரகம் 1923இல் அமெரிக்காவில் வந்தது. இரண்டும் இன்றைக்கும் கிடைக்கின்றன. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அன்றைக்கு முளைத்த அந்த ஒரே செடிதான் துண்டு துண்டாகப் பிரிந்து இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஒரு நூற்றாண்டாக, போர் நடந்த வருஷங்களில்கூட, ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கேயோ யாரோ அதை ஒரு நிலவறையிலோ கொட்டகையிலோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு குளிர்காலம்கூட விட்டுப்போகவில்லை. பேஸ்மென்ட்டில் இருக்கும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும், அதனால்தான் இதைச் சாதாரண வேலையாக என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

எப்போது தோண்டுவது என்பதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. டேலியா கிழங்கு வைப்பது பகல் சுருங்கும்போதுதான். பகல் 12 மணி நேரத்துக்குக் குறையத் தொடங்கினால் செடி தன் சேமிப்பை வேகமாகக் கீழே இறக்கும். டொராண்டோவில் அது செப்டம்பர் கடைசி வாரம். முதல் உறைபனி பெரும்பாலும் அக்டோபரில் வந்துவிடும், ஏரிக்குப் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். ஆக, கிழங்கு பருக்க நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மாதம். அந்த மாதத்தில், இலை பழசாகத் தெரிகிறது, தோட்டத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்து அக்டோபர் முதல் வாரத்திலேயே தோண்டுகிறவர்களுக்குக் கிடைப்பது மெல்லிய தோலும் நீர்த்த சதையுமாக இருக்கும் பிஞ்சுக் கிழங்கு. அது எந்த முறையில் வைத்தாலும் நிற்காது. செப்டம்பருக்கு மேல் நைட்ரஜன் உரம் போடுவதையும் நிறுத்திவிட வேண்டும்.

உறைபனி வந்த காலையில் செடி முழுக்கக் கறுத்துத் தொங்கும். பார்க்க நெஞ்சு பதறும், ஆனால் கிழங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மண் சூடு காப்பாற்றும். தண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு ஒரு வாரம்போல மண்ணிலேயே விடுவது என் வழக்கம். அந்த ஒரு வாரத்தில் இரண்டு நன்மை நடக்கிறது. தோல் முற்றும், தண்டின் அடியில் கண்கள், அதாவது அடுத்த முளை கிளம்பும் புள்ளிகள், லேசாகப் புடைத்துத் தெரியத் தொடங்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. டேலியாத் தண்டு உள்ளே பொந்து. வெட்டிய தண்டில் மழை இறங்கினால் அந்தத் தண்ணீர் நேராகக் கிழங்கின் தலையில் போய் நிற்கும், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். மழை வரும் என்றால் வெட்டிய தண்டின் மேல் ஒரு அலுமினியத் தாளைக் கவிழ்த்து மூடிவிடலாம்.

தோண்டும்போது தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் தோட்டம் கிளறுகிற ஃபோர்க்கை இறக்கி, நாலு பக்கமும் மெல்ல நெம்பி, கொத்தாகத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஏன் என்று தெரிய, கிழங்கின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு தண்டு வகை, அதற்கு உடம்பெல்லாம் கண். டேலியாக் கிழங்கு வேர் வகை. பருத்த உடல், அதற்கு மேல் மெல்லிய கழுத்து, கழுத்து போய்ச் சேருகிற இடத்தில் பழைய தண்டின் அடிப்பகுதி, அதை நான் தலை என்று சொல்கிறேன். கண் இருப்பது அந்தத் தலையில் மட்டும். கழுத்து முறிந்துவிட்டால் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. தலைத் துண்டு ஒட்டாத கிழங்கு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், மண்ணில் வைத்தால் வேர்கூட விடும், முளை மட்டும் வராது. தோண்டும் நாளில் கழுத்தைக் காப்பாற்றுவது, பின்னால் செய்கிற எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஸ்கார்பரோ மண் பல இடங்களில் களிமண். களியை அப்படியே விட்டுக் காயவைத்தால் அது இறுகி, பிறகு தட்டி எடுக்கும்போது கழுத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அதனால் நான் அன்றைக்கே குழாய்த் தண்ணீரில் கழுவிவிடுவேன். மணல் பாங்கான மண் உள்ளவர்கள் கழுவாமல் உதறி வைத்தாலும் சரிதான். கழுவிய கொத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பொந்துத் தண்டில் இருக்கும் தண்ணீர் வடியும். ரகத்தின் பெயரை அப்போதே எழுதிவிட வேண்டும். அட்டையில் எழுதிக் கட்டுவதைவிட, ஈரம் காய்ந்ததும் மார்க்கர் பேனாவால் கிழங்கின் தோலிலேயே எழுதுவது நல்லது. கழுவின பிறகு எல்லா ரகமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கொத்தைத் தனித்தனிக் கிழங்காகப் பிரிப்பது இப்போதா, வசந்தத்திலா? இதில் சண்டையே நடக்கும். இலையுதிர்காலத்தில் பிரித்தால் கத்தி சுலபமாக இறங்கும், இடம் மிச்சம், ஒன்று அழுகினால் மற்றது தப்பும். ஆனால் கண் அப்போது ஊசிமுனையளவுதான் தெரியும், பழகாத கண்ணுக்கு அதுவும் தெரியாது. வசந்தத்தில் கண் நன்றாகப் பருத்துத் தெரியும், ஆனால் தலை மரம் மாதிரி இறுகியிருக்கும். என் கருத்து இது: கண் தெளிவாகத் தெரிகிற கொத்தை இப்போதே பிரியுங்கள், தெரியாததை முழுக்கொத்தாகவே வையுங்கள். புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்கள் முதல் வருடம் எல்லாவற்றையும் முழுக்கொத்தாகவே வைப்பது நல்லது. கொத்தின் நடுவில் போன வசந்தத்தில் நட்ட தாய்க்கிழங்கு இருக்கும், கறுத்தும் தடித்தும். அதை எடுத்துவிடலாம், பெரும்பாலும் அழுகல் முதலில் பிடிப்பது அதைத்தான். சுண்டுவிரல் அளவுக்குக் குறைவான வால் கிழங்குகளும் காய்ந்துதான் போகும். பெரிய கிழங்குதான் நல்லது என்று நினைக்கத் தேவையில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, கழுத்து தடித்த, குட்டையான கிழங்கு ரொம்ப நன்றாக நிற்கும்.

வெட்டிய இடத்தில் கந்தகத் தூளைத் தடவுவது பழைய முறை, இன்றும் நல்ல முறை. தடவும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். லவங்கப்பட்டைத் தூள் தடவுகிறவர்களும் உண்டு, வெட்டுவாய்க்கு மட்டும் தடவினால் போதும், உடம்பெல்லாம் பூசினால் ஈரத்தை உறிஞ்சிவிடும். அப்புறம் கத்தி. ஒரு கொத்திலிருந்து அடுத்த கொத்துக்குப் போகும்போது ப்ளீச் கலந்த தண்ணீரில் முக்கியெடுக்க வேண்டும், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். தலைப் பகுதியில் காலிஃபிளவர் மாதிரிக் கட்டியோ, குச்சி குச்சியாக ஒரே இடத்தில் நூறு முளையோ தெரிந்தால் அது பாக்டீரியா நோய். அந்தக் கொத்தை எவ்வளவு ஆசையான ரகமாக இருந்தாலும் குப்பையில்தான் போட வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது. அழுகல் மாதிரி இதை வெட்டிச் சரிசெய்ய முடியாது, மற்ற செடிகளுக்கும் பரவும்.

பிறகு உலர்த்தல். தோலின் மேல் ஈரம் இல்லாமல் போக வேண்டும், வெட்டுவாய் மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இதற்கு மேல் விட்டால் கழுத்து சுருங்க ஆரம்பிக்கும். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் ஓடுகிற அறையில் பரப்பி வைத்தால் ஒரே இரவில் சுருங்கியதைப் பார்க்கலாம். வெறும் சிமென்ட் தரையிலும் வைக்காதீர்கள், சிமென்ட் ஈரத்தை இழுக்கும். அட்டையோ செய்தித்தாளோ விரித்து வையுங்கள்.

இனிமேல்தான் வீட்டைப் பற்றிய பேச்சு.

கிழங்குக்குப் பிடித்த வெப்பநிலை 4 முதல் 10 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வெளியே கழித்தல் 15 டிகிரி இருக்கும்போது அந்தக் காற்றால் மிகக் கொஞ்சம் நீராவியைத்தான் தாங்க முடியும். அதை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், வேறெங்கிருந்தும் ஈரம் சேராத பட்சத்தில், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நாம் சமைப்பதும் குளிப்பதும் மூச்சுவிடுவதும் சேர்ந்து அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது, காற்றில் ஈரம் சேர்க்கிற ஹ்யுமிடிஃபையர் ஓடினால் இன்னும் கொஞ்சம். ஜனவரியில் நம் உதடு வெடிப்பதும் கதவுக் கைப்பிடியில் ஷாக் அடிப்பதும் இதனால்தான். அந்தக் காற்றில் ஒரு கிழங்கைத் திறந்து வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அதே வீட்டில், படியிறங்கி, பேஸ்மென்ட்டின் முன்பக்கம் போனால் கதை வேறு. ஒன்டாரியோவின் பழைய வீடுகள் பலவற்றில் வாசல் திண்ணைக்கு நேர் கீழே கான்கிரீட் சுவர் வைத்த ஒரு கோல்ட் ரூம் இருக்கும். அரிசி மூட்டை, வெங்காயம், பூசணிக்காய் எல்லாம் போட்டு வைக்கிற அறை. அங்கே ஃபர்னஸ் காற்று வராது, சுவரில் வெளிக்காற்றுக்கு ஒரு துவாரம் இருக்கும், தரையும் சுவரும் சில நாள் வியர்த்து வழியும். வெப்பநிலைக்கு அது அருமையான இடம், ஈரம்தான் எல்லை மீறும். அதிலும் வெளிச்சுவரை ஒட்டிய பக்கம் கடுங்குளிரில் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், உள்கதவுப் பக்கம் 8 டிகிரி இருக்கும். ஒரே அறைக்குள் இத்தனை வித்தியாசம்.

ஆகவே, சொல்லப்போனால் இந்த வேலைக்கு வாங்க வேண்டிய முதல் சாமான், குறைந்தபட்ச அதிகபட்ச வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நினைவில் வைத்துக் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர். விலை ரொம்ப இல்லை. அதை நவம்பரிலேயே வைக்கப்போகும் இடத்தில், வைக்கப்போகும் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் எட்டிப் பார்க்கிற நேரத்தில் இருக்கிற எண் பெரிதில்லை, விடிகாலை நாலு மணிக்கு எவ்வளவு இறங்கியது என்பதுதான் தெரிய வேண்டும். வீட்டோடு ஒட்டாத கராஜில் கிழங்கு வைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே டிசம்பர் முழுக்க எல்லாம் சரியாக இருக்கும், ஜனவரியில் ஒரே ஒரு இரவில் எல்லாம் போய்விடும்.

காற்று காய்ந்த இடம் என்றால் கிழங்கின் ஈரத்தை உள்ளேயே அடைக்க வேண்டும். இதற்கு பிளாஸ்டிக் சுருள் முறையைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. பிரித்த, கழுவிய, தோல் நன்றாக உலர்ந்த கிழங்கை ஒவ்வொன்றாக, ஒன்றை ஒன்று தொடாமல் அந்த மெல்லிய உறையில் உருட்டி மடித்து, அதன் மேல் பெயர் எழுதி, ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கினால் முடிந்தது. ஒன்று அழுகினாலும் பக்கத்துக்குப் போகாது, இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். வெட்டுவாய் ஈரமாக இருக்கும்போது மட்டும் சுற்றக் கூடாது, கூழாகிவிடும். முழுக்கொத்தை இப்படிச் சுற்ற முடியாது. அதற்கு வெர்மிகுலைட். இது மைக்கா வகைக் கனிமத்தைச் சூடாக்கிப் பொரியவைத்தது, ஈரத்தை வாங்கவும் செய்யும், திருப்பிக் கொடுக்கவும் செய்யும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வெர்மிகுலைட்டைப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துக் கலந்து, கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக் கூடாது என்ற பதத்தில் கிழங்கைப் புதைத்து, மூடியைச் சற்றே திறந்தமாதிரி வைப்பேன்.

காற்று ஈரமான இடத்தில் இதெல்லாம் தலைகீழ். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், தட்டு அகலத்துக்குப் பூக்கிற ரகங்கள் அவரிடம்தான் நிறைய. பிளாஸ்டிக் சுருளைப் பற்றி நான் சொன்னபோது, "தம்பி, எங்கட கோல்ட் ரூமில அது சரிவராது, அங்க சுவரே அழுகுது" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அவர் பால் பாக்கெட் அடுக்குகிற, பக்கமெல்லாம் திறந்த கூடைகளில் செய்தித்தாள் விரித்து, செல்லப்பிராணிகளுக்குப் படுக்கையாக விற்கிற மரச்சீவலைப் போட்டு, முழுக்கொத்துகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறார். கூடை தரையிலும் படாது, சுவரிலும் படாது, இரண்டு மரக்கட்டை மேல் நிற்கும். சீவல் மிஞ்சிய ஈரத்தை எடுத்துக்கொள்கிறது, காற்று நடுவில் போய்வருகிறது. அதே கூடையைக் கொண்டுவந்து என் பேஸ்மென்ட்டில் வைத்தால் கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் குச்சியாகிவிடும். என் பெட்டியை அவர் அறையில் வைத்தால் பூஞ்சை பூத்துவிடும்.

பீட் மாஸ் இரண்டுக்கும் நடுவில். பலருக்குத் தெரியாதது, முழுக்கக் காய்ந்த பீட் மாஸ் கிழங்கிலிருந்தே தண்ணீரை இழுக்கும். மூட்டையிலிருந்து எடுத்தபடியே போடாமல் கொஞ்சம் ஈரப்படுத்த வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜைக் கேட்பார்கள். வெப்பநிலை சரிதான், ஆனால் ஃபிரிட்ஜுக்குள் காற்று காய்ந்தது, அதனால் பிளாஸ்டிக் உறை கட்டாயம். ஆப்பிள் இருக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது, ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயு தூங்குகிற கண்களுக்கு ஆகாது. பால்கனியில் வைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

எந்த முறையாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒரே முறையில் வைக்காதீர்கள். ரொம்பப் பிடித்த ரகம் என்றால் இரண்டு மூன்று துண்டாக்கி, ஒன்றை உறையில், ஒன்றை வெர்மிகுலைட்டில், முடிந்தால் ஒன்றை நண்பர் வீட்டில். ரகத்துக்கு ரகம் குணம் மாறும். கார்னெல் என்கிற கருஞ்சிவப்பு உருண்டைப் பூ ரகத்தின் கிழங்கு உருண்டு திரண்டு, எங்கே போட்டாலும் கிடக்கும். கழுத்து நீண்டு மெலிந்த ரகங்களுக்குத்தான் இந்தக் காவலெல்லாம்.

மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதை விடவே கூடாது. முதலில் மூக்கு. மண் வாசனை இருந்தால் சரி, புளித்த வாடை வந்தால் எங்கேயோ அழுகல் இருக்கிறது. பிறகு விரல், ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மெத்தென்று இருந்தால் வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி எறிந்து, கந்தகம் தடவி, காயவைத்து, தனியாக வைக்கலாம். தலைக்கு அழுகல் ஏறியிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். மேலே வெள்ளைப் பூஞ்சை மட்டும் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு மூடியை இன்னும் கொஞ்சம் திறந்தால் போதும். தோல் சுருங்கி, ஆனால் உள்ளே கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், சுற்றியுள்ள பொருளில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கிழங்கின் மேலேயே ஊற்றாதீர்கள். கையில் எடுத்தால் கனமே இல்லாமல், மடித்தால் ஒடிகிற மாதிரி இருந்தால் அது முடிந்துவிட்டது. இந்தச் சோதனையில் தெரியவருவதுதான் உங்கள் வீட்டின் குணம். டிசம்பரில் சுருக்கம் தெரிந்தால் ஈரத்தைக் கூட்டுங்கள், பூஞ்சை தெரிந்தால் காற்றைக் கூட்டுங்கள். எந்தப் பெட்டி எந்த மூலையில் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் இரண்டு குளிர்காலத்தில் உங்களுக்கென்று ஒரு முறை வந்துவிடும், அதற்குப் பிறகு வேறு யார் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் கடைசியில் சிலது தானாகவே முளைக்கத் தொடங்கும். இருட்டில் நீண்டு வெளுத்த முளை வந்திருந்தால் ஒரு இன்ச் விட்டுக் கிள்ளிவிடலாம், பக்கத்துக் கண் விழித்துக்கொள்ளும். ஏப்ரலில் பெட்டியை 18, 20 டிகிரி உள்ள வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவந்து லேசாக ஈரம் காட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் கண் பருத்து இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். இலையுதிர்காலத்தில் பிரிக்காமல் விட்ட கொத்துகளை வெட்ட இதுதான் நேரம். கண் வராத கிழங்குகளை உடனே தூக்கிப் போடாதீர்கள், சில ரகங்கள் மே பாதிவரை பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு முளைக்கும்.

டொராண்டோவில் நடவுக்கு எல்லாரும் சொல்லும் நாள் விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கள்கிழமை. நாளைவிட மண்ணைப் பார்ப்பது நல்லது, 15 டிகிரி வந்திருக்க வேண்டும். குளிர்ந்த களிமண்ணில் அவசரப்பட்டு வைத்த கிழங்கு, ஆறு மாதம் பெட்டியில் தப்பித்து வந்தது, இரண்டே வாரத்தில் அழுகிவிடும். படுக்கவைத்து, கண் மேலே பார்க்க, 10 சென்டிமீட்டர் மண் போட்டு மூடுங்கள். வைத்த கையோடு தண்ணீர் ஊற்றத் தோன்றும், ஊற்ற வேண்டாம். அந்தக் கிழங்குக்கு இன்னும் வேர் இல்லை, ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்க அதற்கு வழி கிடையாது, முளை விடத் தேவையான ஈரம் அதற்குள்ளேயே இருக்கிறது, இத்தனை மாதம் நாம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியது அதைத்தான். மண்ணுக்கு மேல் பச்சை தெரிந்த பிறகு குழாயைத் திறந்தால் போதும்.